"ஆங்கிலத்தில் என்ன பயிற்சி வேண்டும்?" என்று படிவம் வந்திருக்கிறது. 'பிற' கட்டத்தில் என்ன எழுதலாம்?

கேள்வி: கரிசல்காட்டு டீச்சர்

எல்லோருக்கும் வணக்கம். விருதுநகர் மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இடைநிலை ஆசிரியையாக இருக்கிறேன். ஈராசிரியர் பள்ளி. தலைமையாசிரியர் நான்கையும் ஐந்தையும் பார்த்துக்கொள்கிறார், ஒன்று முதல் மூன்று வரை எனக்கு. அவர் கூட்டம், கருவூலம், வங்கி என்று கிளம்பிவிட்டால் ஐந்து வகுப்பும் ஒரே கூடத்தில் என் முன்னால்தான்.

வட்டார வாட்ஸ்அப் குழுவில் ஒரு கூகுள் படிவம் வந்திருக்கிறது. அடுத்த ஆண்டுப் பயிற்சித் திட்டத்துக்காக, ஆங்கிலம் கற்பிப்பதில் உங்களுக்கு என்ன பயிற்சி தேவை என்று கேட்கிறார்கள். ஸ்போக்கன் இங்கிலீஷ், கிராமர், ஃபோனிக்ஸ் (எழுத்தின் ஒலிகளைச் சேர்த்து வாசிக்கும் முறை), டி.எல்.எம். (கற்பித்தல் துணைக்கருவி) தயாரிப்பு, ஐ.சி.டி. (கணினி வழிக் கற்பித்தல்), மதிப்பீடு. கடைசியில் 'பிற' என்று ஒரு கட்டம். வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பவேண்டும். குழுவில் பாதிப் பேர் எல்லாவற்றிலும் டிக் போட்டு, 'முடித்துவிட்டேன்' என்று கைகூப்பும் படத்தையும் போட்டுவிட்டார்கள். எனக்கு அப்படி அனுப்ப மனசு வரவில்லை. இந்தத் தலைப்புகள் எல்லாவற்றுக்கும் நான் ஏற்கெனவே போய் உட்கார்ந்து, கையெழுத்துப் போட்டு, சாப்பிட்டு வந்தவள்.

போன முறை நடந்த ஃபோனிக்ஸ் பயிற்சி எப்படி இருந்தது என்று சொல்கிறேன். பெரிய கூடம், நூறு பேருக்கு மேல். ஆங்கிலத்தின் 44 ஒலிகளின் பட்டியலைத் திரையில் போட்டார்கள். ஒரு காணொலியில் வெளிநாட்டுப் பெண் ஒருவர் ஒவ்வொரு ஒலியாகச் சொல்ல, நாங்கள் கோரஸாகத் திருப்பிச் சொன்னோம். அந்த ஸ்பீக்கரில் எஃப் ஒலிக்கும் எஸ் ஒலிக்கும் வித்தியாசமே கேட்கவில்லை. ஒலியைக் கற்றுக்கொள்ளப் போன இடத்தில்! மதியம் குழுவாக உட்கார்ந்து சார்ட் எழுதினோம், அதைப் பிடித்தபடி படம் எடுத்தார்கள், கலைந்தோம்.

வகுப்பில் நடப்பது இது. மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் பாடத்தைக் கணீரென்று வாசிப்பான். "சி ஏ டி கேட், கேட்னா பூனை." பக்கத்தில் பூனைப் படம் இருக்கிறது. முதல் எழுத்தை மட்டும் மாற்றி, எம் போட்டு, கரும்பலகையில் எழுதினேன். "எம் ஏ டி" என்றான், அதே கணீர்க் குரலில். அப்புறம் என் முகத்தைப் பார்த்தான். மூன்று எழுத்தின் பெயரும் தெரிகிறது, சேர்த்தால் என்ன என்று வரவில்லை. படம் இல்லாவிட்டால் வாசிப்பே இல்லை. இவன் ஒருவன் மட்டும் இல்லை, என்னிடம் இருப்பவர்களில் முக்கால்வாசி இப்படித்தான்.

இரண்டாவது, என் பேச்சு. ஆங்கிலம் தெரியாது என்று சொல்லமாட்டேன். நாளிதழ் படிப்பேன், விண்ணப்பம் எழுதுவேன். ஆனால் வகுப்பில் என் ஆங்கிலம் 'ஓப்பன் யுவர் புக்', 'கம் ஹியர்', 'வெரி குட்', 'சிட் டவுன்' என்று ஏழெட்டு வாக்கியத்துக்குள் சுற்றிச் சுற்றி வருகிறது. இரண்டு பேர் ரப்பருக்குச் சண்டை போட்டால், ஒருத்திக்கு வயிற்றைப் புரட்டினால், மூன்றாம் வகுப்பு எழுதிக்கொண்டிருக்க ஒன்றாம் வகுப்பைத் திண்ணைக்கு அனுப்பவேண்டியிருந்தால், எல்லாம் தமிழ்தான். கிராமர் வகுப்பில் ஆக்டிவ் வாய்ஸ், பாசிவ் வாய்ஸ் நடத்தினார்கள். ரப்பர் சண்டையை எந்த வாய்ஸில் தீர்ப்பது?

ஆகவே கேள்வி: அந்தப் 'பிற' கட்டத்தில் என்ன எழுதினால் உபயோகமாக ஏதாவது நடக்கும்? உங்கள் பகுதியில் நல்ல பயிற்சி நடந்திருந்தால் சொல்லுங்கள். 'சிஸ்டமே சரியில்லை' என்ற பதில் வேண்டாம். அதை நாங்களே இடைவேளை டீயில் பேசி முடித்துவிடுகிறோம்.


பதில்: பொட்டல்புதூரான்

தப்பாக எடுத்துக்கொள்ளவேண்டாம் டீச்சர். என் மகள் அரசுப் பள்ளியில்தான் படிக்கிறாள், அதனால் கேட்கிறேன். டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) பாஸ் செய்துதானே வேலைக்கு வருகிறீர்கள்? அதில் ஆங்கிலம் இருக்கிறதே. வேலையில் சேர்ந்து இத்தனை வருடம் கழித்து, எழுத்தைக் கூட்டி வாசிக்கச் சொல்லிக்கொடுக்க எனக்குப் பயிற்சி வேண்டும் என்றால், பெற்றோர் என்ன நினைப்போம்?


பதில்: ஓய்வுபெற்ற ஹெச்.எம்.

அம்மா, உங்கள் பதிவைப் படித்ததும் பழைய கதை ஒன்று நினைவுக்கு வந்தது. ஆங்கிலப் பயிற்சி மேலிருந்து கீழே இறங்கும் இந்த முறைக்கு நம் ஊரில் அறுபது வயதுக்கு மேல் ஆகிறது. 1960 வாக்கில், அன்றைய சென்னை மாநிலத்தில், தொடக்க நிலையில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி கொடுக்கப் பெரிய முயற்சி ஒன்று நடந்தது. முதலில் கொஞ்சம் பேருக்குப் பயிற்சி, அவர்கள் போய் அடுத்தவர்களுக்கு, அவர்கள் அதற்கடுத்தவர்களுக்கு. உலகம் முழுக்க ஆங்கிலம் கற்பிப்பவர்களிடையே அதற்கு 'மெட்ராஸ் ஸ்நோபால்' என்றே பெயர். பனிப்பந்து உருள உருளப் பெரிதாகும் என்ற கணக்கு. நம் ஊர் வெயிலில் உருட்டினால் என்ன ஆகும் என்று யாரும் யோசிக்கவில்லை போல.

இன்றைக்கும் அதே பாதைதான். மாநிலத்தில் முதன்மைக் கருத்தாளர் (பயிற்சி கொடுப்பவர்), அப்புறம் மாவட்டம், வட்டாரம், கடைசியில் பக்கத்துப் பள்ளிகள் சில சேரும் குறுவள மையம். மேலே ஐந்து நாள் நடந்தது கீழே வரும்போது ஒரு நாளாகும், அந்த ஒரு நாளிலும் பாதி வருகைப் பதிவு. மேலே செய்து பார்த்ததைக் கீழே சொல்லிக் காட்டுவார்கள். அதற்கும் கீழே, சொன்னதைத் திரையில் காட்டுவார்கள். கருத்தாளரைக் குறை சொல்லி என்ன செய்வது? அவருக்கும் அப்படித்தான் வந்து சேர்ந்தது.

நான் பார்த்ததில் மனதில் நின்றது, தங்கிப் படித்த பயிற்சிதான். பெங்களூரில் தென்னிந்திய வட்டார ஆங்கில நிறுவனம் இருக்கிறது, 1963-ல் தொடங்கியது, தென் மாநில ஆசிரியர்களுக்காக. அங்கே போய்வந்த நண்பர் ஒருவர் திரும்பி வந்தபின் பாடம் நடத்தும் விதமே மாறிப்போனது. காரணம் கேட்டேன். "காலையில் எழுந்து பல் விளக்கும்போதே கேரளாக்காரரிடம் ஆங்கிலத்தில்தான் பேசியாகவேண்டும். எனக்கு மலையாளம் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது" என்றார். சிரிப்பாக இருந்தாலும் விஷயம் அதுதான். நாம் நூறு பேரும் தமிழர்கள், கூடத்தில் தமிழில் பேசிக்கொண்டே ஸ்போக்கன் இங்கிலீஷ் பயிற்சி எடுக்கிறோம்.

ஈராசிரியர் பள்ளியிலிருந்து அப்படித் தங்கிப் படிக்க ஒரு மாதம் யாரை அனுப்புவது என்பது வேறு விஷயம். அறுபது பிள்ளை வரை இரண்டு ஆசிரியர்தான் என்று கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையே சொல்கிறது. ஒருவர் பயிற்சிக்குப் போனால் மற்றவர் பாடு உங்களுக்கே தெரியும். உங்கள் கட்டத்தில் முதல் வரியாக இதை எழுதுங்கள்: 'நான் பயிற்சியில் இருக்கும் நாளில் என் வகுப்பைப் பார்க்க ஆள் வேண்டும்.' இதைப் பயிற்சித் தேவையாக யாரும் எண்ணுவதில்லை. ஆனால் இது இல்லாததால்தான் பயிற்சியில் உட்கார்ந்திருக்கும்போது பாதி மனசு பள்ளிக்கூடத்தில் கிடக்கிறது.


பதில்: ஜவ்வாது மலை

டீச்சர், உங்கள் 'எம் ஏ டி' பையன் என் வகுப்பிலும் இருக்கிறான். எனக்கு உதவிய ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். இதை எந்தப் பயிற்சியிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை. தமிழ்ப் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது தோன்றியது.

நாம் தமிழில் என்ன செய்கிறோம்? ப், இ, பி. இரண்டு ஒலியைச் சேர்த்து ஒன்றாகச் சொல்லவைக்கிறோம். உயிர்மெய் வரிசை முழுக்க அதே வேலைதான். ஃபோனிக்ஸ் பயிற்சியில் பிளெண்டிங் என்று பெரிதாகச் சொன்னார்களே, நம் பிள்ளைகள் அதை ஒன்றாம் வகுப்பிலேயே செய்துகொண்டிருக்கிறார்கள். ஆங்கிலப் புத்தகத்தைத் திறந்ததும் அதை விட்டுவிட்டு எழுத்தின் பெயரைச் சொல்லவைப்பது நாம்தான்.

எனவே எழுத்தின் பெயரைக் கொஞ்ச நாள் ஒதுக்கிவைத்தேன். பல ஃபோனிக்ஸ் திட்டங்களில் முதலில் வரும் ஆறு எழுத்துகள் இருக்கின்றனவே, எஸ், ஏ, டி, பி, ஐ, என் (s, a, t, p, i, n), அவற்றை மட்டும் அட்டையில் எழுதினேன். அட்டையைக் காட்டினால் பெயர் சொல்லக்கூடாது, ஒலிதான். ப். இ. ன். மூன்று அட்டையையும் தரையில் தள்ளித் தள்ளி வைத்து, ஒவ்வொன்றின் மேலும் ஒரு பிள்ளையை நிறுத்தினேன். அவரவர் ஒலியை அவரவர் சொல்லவேண்டும். பிறகு நெருங்கி நிற்கச் சொன்னேன், இன்னும் நெருங்கி, தோள் இடிக்கும் வரைக்கும். "பின்!" என்று கத்தியது திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒன்றாம் வகுப்புப் பெண். அவளுக்கு அன்றைக்கு ஆங்கிலப் பாடமே கிடையாது. அப்புறம் முதல் ஆளை மாற்றினால் டின். கடைசி ஆளை மாற்றினால் டிப். படம் வேண்டியதில்லை.

இதில் கவனிக்கவேண்டியது ஒன்று. மெய்யெழுத்தைப் புள்ளியோடு சொல்லவேண்டும். நிறையப் பேர் 'பஹ், இ, நஹ்' என்று சொல்லவைக்கிறார்கள். அதைச் சேர்த்தால் 'பஹிநஹ்' என்றுதான் வரும், பின் எப்படி வரும்? பயிற்சியில் இதைப் 'ப்யூர் சவுண்ட்' என்று அரை மணி நேரம் விளக்கினார்கள். 'மெய்யெழுத்தைச் சொல்வதுபோல் சொல்லுங்கள்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லோருக்கும் புரிந்திருக்கும். ஆனால் பலகையில் ஆங்கில எழுத்துக்குப் பக்கத்தில் தமிழ் எழுத்தை எழுதாதீர்கள். வாயால் சொன்னால் போதும். எழுதினால் அப்புறம் பிள்ளைகள் ஆங்கிலத்தை விட்டுவிட்டுத் தமிழைப் படிப்பார்கள்.

சிக்கல் வருவது தமிழில் ஒரே எழுத்தாக இருப்பது ஆங்கிலத்தில் இரண்டாக இருக்கும் இடத்தில். பல், பஸ் இரண்டுக்கும் நமக்கு ஒரே 'ப' தான். ஆனால் பிள்ளைகள் வாய் தானாகவே இரண்டையும் வேறாகச் சொல்கிறது. தொண்டையில் இரண்டு விரலை வைத்து, ஒலியை மட்டும் சொல்லிப் பார்க்கச் சொன்னேன். பஸ்ஸில் வருவதற்கு விரலில் அதிர்வு தெரியும், பல்லில் வருவதற்குத் தெரியாது. ஒரு வாரம் முழுக்கச் சத்துணவு வரிசையில் நின்றுகொண்டுகூட ஒருவர் தொண்டையை ஒருவர் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சத்துணவு அமைப்பாளர் அக்கா பதறிப்போய் என்னைக் கூப்பிட்டார்.

கேட், மேட் இவற்றில் வரும் உயிரொலி எனக்கே இன்னும் சரியாக வருவதில்லை. எகரத்துக்கும் ஆகாரத்துக்கும் நடுவில் எங்கேயோ வாய் நிற்கவேண்டும். இதற்குத்தான் எனக்குப் பயிற்சி வேண்டும். நூறு பேர் கோரஸில் என் வாய் எப்படி இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? பத்துப் பேர் உட்காரும் இடத்தில், ஒருவர் என் முகத்தைப் பார்த்து 'இன்னும் கொஞ்சம் வாயைத் திறங்கள்' என்று சொல்லவேண்டும்.


பதில்: பயிற்றுநர் ஒருவன்

நான் ஆசிரியர் பயிற்றுநர். எந்த வட்டாரம் என்று கேட்காதீர்கள். மைக் பிடித்துக்கொண்டு நிற்கும் அந்த ஆள் நான்தான், அதனால் கொஞ்சம் என் பக்கத்தையும் சொல்லிக்கொள்கிறேன்.

அடிப்படையில் நான் அறிவியல் பட்டதாரி ஆசிரியர். ஆங்கிலத்துக்குக் கருத்தாளர் இல்லாத அன்றைக்கு நான் நிற்பேன். கட்டகம் (பயிற்சிக்கான பாடத் தொகுப்பு) மேலிருந்து வருகிறது, எந்த ஸ்லைடு எத்தனை நிமிடம் என்பது உட்பட. ஸ்பீக்கர் அந்தப் பள்ளியில் என்ன இருக்கிறதோ அதுதான். எஃப், எஸ் கதை எனக்கும் நடந்திருக்கிறது. பள்ளிப் பார்வைக்கு வந்தால் செயலியில் நிரப்பவேண்டியதை நிரப்பி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். பின்னால் உட்கார்ந்து ஒரு பாடம் முழுக்கப் பார்த்து, வெளியே மரத்தடியில் நின்று 'இந்த இடத்தில் இப்படிச் செய்திருக்கலாம்' என்று பேசிய பார்வைகளை எண்ணச் சொன்னால் விரலுக்கு வேலை இல்லை.

படிவத்துக்கு வருகிறேன். டிக் போடும் கட்டங்களைக் கணினி எண்ணிவிடும். எல்லோரும் எல்லாவற்றிலும் டிக் போட்டால் எல்லாத் தலைப்புக்கும் ஒரே எண்தான் வரும், அப்புறம் போன வருட அட்டவணையே திரும்ப வரும். 'பிற' கட்டத்தை ஆள்தான் உட்கார்ந்து படிக்கவேண்டும். எங்கள் பக்கம் அதைத் தொகுப்பது நானும் இன்னொருவரும். 'தரமான பயிற்சி தேவை' என்று எழுதினால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. 'இரண்டு மூன்று வகுப்புகள் சேர்ந்து இருக்கும்போது ஆங்கிலப் பாடவேளையை எப்படி ஓட்டுவது என்று ஒருவர் நடத்திக் காட்டவேண்டும்' என்று எழுதினால் அதை அப்படியே மேலே அனுப்பலாம்.

இன்னொன்றையும் எழுதுங்கள், பலர் விட்டுவிடுகிறார்கள். 2012-13-ல் தொடங்கி அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகள் பெருகிவிட்டன. அங்கே ஆங்கிலப் பாடம் மட்டும் பிரச்சினையில்லை. கணக்கையும் சூழ்நிலையியலையும் அதே ஆசிரியர் ஆங்கிலத்தில் நடத்தியாகவேண்டும். கடன் வாங்கிக் கழிப்பதை இரண்டாம் வகுப்புக்கு ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று எந்தக் கட்டகத்திலாவது இருக்கிறதா? தமிழ் வழிப் பிள்ளையும் ஆங்கில வழிப் பிள்ளையும் ஒரே அறையில் இருக்கும் பள்ளிகள் என் பொறுப்பில் இருக்கின்றன.

ஜவ்வாது மலை சாருக்கு: நெருங்கி நிற்கும் அந்தப் பாடத்தைக் குறுவள மையத்தில் நடத்திக் காட்டச் சொன்னால் வருவீர்களா? சனிக்கிழமை என்பதால் பிள்ளைகள் இருக்கமாட்டார்கள், அதுதான் எப்போதும் இடைஞ்சல். நாங்கள் ஆசிரியர்களையே பிள்ளைகளாக நடிக்கச் சொல்வோம். நாற்பது வயதுக்காரர் 'மிஸ், மிஸ்' என்று கையைத் தூக்குவார், எல்லோரும் சிரிப்போம். வர முடியாவிட்டால், உங்கள் வகுப்பில் போனை மேசைமேல் வைத்துக் குரலை மட்டும் பதிவு செய்து அனுப்பினாலும் போதும். பிள்ளைகள் முகம் வேண்டாம்.


பதில்: கரிசல்காட்டு டீச்சர்

எல்லோருக்கும் நன்றி.

முதலில் பொட்டல்புதூர் அண்ணனுக்கு. கோபமெல்லாம் இல்லை, பெற்றோர் கேட்கவேண்டிய கேள்விதான். டெட் முதல் தாளில் 150 கேள்வி, அதில் ஆங்கிலம் 30. எல்லாம் நான்கு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது. வாயைத் திறந்து ஒரு சொல் சொல்லச் சொல்லி யாரும் கேட்பதில்லை. அதற்கு முன் இரண்டு வருடம் ஆசிரியர் பட்டயப் படிப்பு. அங்கே ஆங்கிலம் கற்பித்தல் என்ற தாளை நாங்கள் படித்ததும் குறிப்பெடுத்ததும் தேர்வுக்குத்தான். ஆறு வயதுப் பிள்ளைக்கு, வீட்டில் ஒரு சொல்கூடக் காதில் விழாத மொழியில், எழுத்தைக் கூட்டச் சொல்லிக்கொடுப்பது தனித் தொழில். ஆங்கிலம் தெரிந்த எல்லோருக்கும் அது வந்துவிடாது. உங்கள் மகளுக்கு ஒரு மாலை உட்கார்ந்து சொல்லிக்கொடுத்துப் பாருங்கள், நான் சொல்வது தெரியும்.

ஜவ்வாது மலை சார், நேற்றே செய்து பார்த்தேன். என் கூடத்தில் இடம் கம்மி, மூன்று பேர் நெருங்கும்போது நான்காம் வகுப்பு பெஞ்சில் இடித்துக்கொண்டார்கள். 'டின்' வந்துவிட்டது. எம் ஏ டி பையனுக்கு 'சிட்' வந்தது. ஏ ஒலி வரும் சொற்களை இன்னும் தொடவில்லை. எனக்கே வாய் சரியாக வராததை அவனுக்கு எப்படிச் சொல்ல. பஸ், பல் தொண்டைச் சோதனையை நாளைக்கு வைத்துக்கொள்கிறேன், சத்துணவுக்கு முன்னால் இல்லை.

பயிற்றுநர் சார், நீங்கள் சொன்னபடி கட்டத்தில் எழுதியதைக் கீழே போடுகிறேன். முதலில் எழுதியது நீளமாகிவிட்டது, படிவம் ஏற்கவில்லை, வெட்டிச் சுருக்கியது இது:

"ஈராசிரியர் பள்ளி. 1 முதல் 3 வரை ஒரே அறை. (அ) அரும்பு, மொட்டு, மலர் என்ற மூன்று கற்றல் நிலைப் பிள்ளைகளும் சேர்ந்து இருக்கையில் நாற்பது நிமிட ஆங்கிலப் பாடவேளையை ஒருவர் என் பள்ளியிலோ இதுபோன்ற பள்ளியிலோ உண்மையான பிள்ளைகளோடு நடத்திக் காட்டவேண்டும். (ஆ) என் உச்சரிப்பை ஒருவர் நேரில் கேட்டுத் திருத்தவேண்டும், பத்துப் பேருக்கு மிகாத குழுவில். (இ) வகுப்பில் தினமும் நடப்பதற்கான ஆங்கிலம் வேண்டும்: சண்டை, உடம்பு சரியில்லாமை, பென்சில் தொலைந்தது, இடம் மாறி உட்காருவது. கிராமர் வேண்டாம். (ஈ) பயிற்சி நாளில் என் வகுப்புக்கு மாற்று ஏற்பாடு. (உ) பயிற்சி முடிந்து ஒரு மாதத்துக்குள் யாராவது வந்து ஒரு பாடம் முழுக்கப் பார்க்கவேண்டும், செயலியைத் திறக்காமல்."

கடைசி இரண்டு சொல்லை எடுத்துவிடலாமா என்று எங்கள் ஹெச்.எம். கேட்டார். எடுக்கவில்லை, அப்படியே அனுப்பிவிட்டேன்.

கழித்தல் விஷயம் என் பள்ளிக்குப் பொருந்தாது, எங்களிடம் தமிழ் வழி மட்டும்தான். பக்கத்து ஊர் டீச்சரிடம் சொல்லியிருக்கிறேன், அவர் எழுதுவார்.


பதில்: பயிற்றுநர் ஒருவன்

'(இ)' நன்றாக இருக்கிறது. அந்தச் சண்டை, பென்சில் பட்டியலைக் கொஞ்சம் நீளமாக எழுதித் தனியாக அனுப்ப முடியுமா? வகுப்பில் தமிழுக்கு மாறும் இடங்களை மட்டும் ஒரு வாரம் குறித்துவைத்தால் போதும். அதற்கு ஆங்கில வாக்கியங்களை மேல்நிலைப் பள்ளி ஆங்கில ஆசிரியை ஒருவரிடம் கேட்டு வாங்கித் தருகிறேன். மாநிலக் கட்டகத்துக்குக் காத்திருக்கவேண்டாம், குறுவள மையத்தில் கடைசி அரை மணி நேரம் எப்படியும் சும்மாதான் போகிறது.


பதில்: ஜவ்வாது மலை

குரல் பதிவு அனுப்புகிறேன் சார். நடுவில் ஆடு கத்தும், கண்டுகொள்ளாதீர்கள். டீச்சர், ஏ ஒலிக்கு நானும் ஆள் தேடிக்கொண்டிருக்கிறேன், கிடைத்தால் இங்கேயே போடுகிறேன்.